கொழும்பில் காகத் தொல்லை: அறிகுறியைப் பார்த்துக் காரணம் காணும் வழிமுறை

கொழும்பில் வசிப்பவர்களுக்குக் காகத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கழுத்து சாம்பல் நிறமாக இருக்கும் காகத்துக்குச் சிங்களத்தில் ‘கொழும்புக் காகம்’ என்ற பொருளில் ‘கொலம்ப கபுட்டா’ என்றே பெயர். அதைவிடப் பெரிய, உடல் முழுவதும் கறுத்த அண்டங்காகமும் நகரில் உண்டு. ஆயினும் வெள்ளவத்தைச் சந்தை முதல் புறக்கோட்டை, காலிமுகத்திடல் வரை நாம் முறையிடும் தொல்லைகளில் பெரும்பங்கு சாம்பற்கழுத்துக் காகத்தினால் வருவதே.

வெள்ளவத்தையில் தொடர்மாடிக் குடியிருப்பு ஒன்றின் பராமரிப்புக் குழுவில் நான் பல ஆண்டுகள் இருந்தேன். எங்களிடம் வந்த முறைப்பாடுகள் எல்லாம் ‘காகத் தொல்லை’ என்ற இரண்டு சொற்களிலேயே வந்தன. அந்த இரண்டு சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு எந்த நடவடிக்கையும் எடுக்க முடியாது என்பதைப் பல தவறுகளுக்குப் பிறகே கற்றோம். எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, காகம் என்ன செய்கிறது என்ற மூன்றையும் மூன்று நாட்கள் தொடர்ந்து ஒரு கொப்பியில் குறித்துவைத்த பின்னரே கீழுள்ள பகுதிகளில் உங்களுக்குப் பொருந்துவதைத் தேடுங்கள். குறிப்பில்லாமல் மருந்து தேடினால், கூடு கட்டியதால் வந்த தொல்லைக்குக் குப்பைத் தொட்டியை மாற்றிக்கொண்டிருப்பீர்கள்.

அறிகுறி: விடியும்போது குப்பைப் பைகள் கிழிந்து தெருவெங்கும் சிதறிக் கிடக்கின்றன

முதலில் கிழித்தது காகந்தானா என்று உறுதிசெய்ய வேண்டும். நாய் கிழித்தால் பை இருந்த இடத்திலிருந்து இழுபட்டிருக்கும், எலும்பும் மீன்தலையும் அங்கே மிஞ்சியிரா. எலி கிழித்தால் பையின் அடிப்பக்கத்தில் விளிம்பு கரம்பிய சிறு ஓட்டை தெரியும். காகமோ பையை நகர்த்துவதில்லை. மேற்பக்கத்திலோ முடிச்சுக்குக் கீழோ அலகால் குத்தித் துளைத்து, உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் போட்டு, வேண்டியதை எடுத்துக்கொண்டு மற்றதை அப்படியே விட்டுவிடும். எங்கள் வாசலில் ஒரு காலை நான் குனிந்து பார்த்தபோது, பையைச் சுற்றி ஏறக்குறைய ஒரு முழ வட்டத்தில் கறிவேப்பிலை, வெங்காயத் தோல், சோற்றுப் பார்சல் சுற்றிய தாள், தேநீர்ச் சக்கை ஆகியவை ஒன்றன்மேல் ஒன்று விழாமல் பரப்பி வைத்ததுபோலக் கிடந்தன. சூரை மீனின் செவுள் மட்டும் எங்கும் இல்லை, அதன் சிவந்த நீர் மட்டும் சீமெந்தில் காய்ந்திருந்தது. அந்த வட்டத்தைக் கண்டால் அது காகத்தின் வேலை என்று தயங்காமல் முடிவுசெய்யலாம்.

காரணம் பெரும்பாலும் பையில் இல்லை, மணிக்கூட்டில் இருக்கிறது. காகம் இருட்டில் உண்பதில்லை, ஆனால் கிழக்கு வெளுத்த உடனே இறங்கிவிடும். கொழும்பில் ஆண்டு முழுவதும் சூரியன் ஏறக்குறைய 5.50 மணிக்கும் 6.25 மணிக்கும் இடையில் உதிப்பதால், காகத்தின் வேலை அதற்கும் அரை மணிநேரம் முன்பே தொடங்கிவிடுகிறது. நாம் இரவு ஒன்பது மணிக்குப் பையை வாசலில் வைக்கிறோம். மாநகர சபையின் வண்டி காலை ஏழு மணிக்கோ எட்டு மணிக்கோ வருகிறது. காகம் இறங்குவதற்கும் வண்டி வருவதற்கும் இடையில் இருக்கும் அந்த ஒன்றிரண்டு மணிநேரமே இந்தத் தொல்லையின் முழுக் காரணம். எனவே முதற் திருத்தம் செலவில்லாதது: உங்கள் வீதிக்கு வண்டி வரும் நேரத்தை ஒரு கிழமை கவனித்து, அதற்குப் பத்து நிமிடம் முன்பு மட்டும் பையை வெளியே வையுங்கள். வேலைக்குப் போகும் அவசரத்தில் அது இயலாதவர்கள் இருப்பார்கள்; தொடர்மாடிகளில் அவர்களுக்காகக் காவலாளியிடமோ துப்புரவுப் பணியாளரிடமோ மூடியுள்ள பெரிய தொட்டி ஒன்றை ஒப்படைத்து, வண்டி வரும்போது தொட்டியோடு வெளியே எடுக்கச் சொல்வதே சரியான ஏற்பாடு.

தொட்டியின் மூடி பாரமாக இருக்க வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக் மூடியை இரண்டு காகங்கள் சேர்ந்து நகர்த்திவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்; மூடியின் மேல் ஒரு செங்கல்லை வைப்பதும், கைப்பிடிகளுக்கு இடையே பழைய சைக்கிள் டியூப்பை இழுத்துக் கட்டுவதும் போதுமானவை. இரட்டைப் பை போடுவதிலும், உள்ளே இருப்பது தெரியாதபடி கறுப்புப் பை போடுவதிலும் பயன் இல்லை, ஏனெனில் இந்த நகரத்துக் காகம் பையின் வடிவத்தையே உணவு என்று கற்றுவைத்திருக்கிறது. மாநகர சபை கேட்கும்படி உக்கும் கழிவையும் உக்காத கழிவையும் பிரித்து வைப்பவர்களுக்கு ஒரு கூடுதல் நன்மை உண்டு: காகத்தை ஈர்ப்பது உக்கும் கழிவு மட்டுமே என்பதால், காக்க வேண்டிய பை ஒன்றாகக் குறைந்துவிடும். மீன், இறைச்சிக் கழிவை மட்டும் சிறிய பையில் கட்டிக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் வைத்து, குப்பை எடுக்கும் நாளில் மட்டும் வெளியே எடுக்கலாம். எங்கள் கட்டடத்தில் இந்த ஒரு பழக்கம் செய்த மாற்றத்தை வேறெதுவும் செய்யவில்லை.

அறிகுறி: நாள்தோறும் ஒரே நேரத்தில் மதிலிலும் மொட்டைமாடியிலும் காகங்கள் வந்து காத்திருக்கின்றன

யாரோ உணவு வைக்கிறார்கள். நம்மவர் குடியிருப்புகளில் அந்த யாரோ ஒருவர் பெரும்பாலும் விரதம் பிடிப்பவராகவோ பிதிர்க்கடன் செய்பவராகவோ இருப்பார். சனிக்கிழமையும் அமாவாசையும் ஆடி அமாவாசையும் காகத்துக்கு ஒரு பிடி வைக்காமல் வாயில் சோறு வைக்காதவர்கள் நமக்குள் எத்தனையோ பேர். இதைத் தடைசெய்யும் அறிவித்தல் ஒட்டுவது தவறு என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அது பலிக்காது என்பதோடு, வயதானவர்களின் மனத்தையும் புண்படுத்தும்.

எங்கள் நான்காம் மாடியில் இருந்த மாமி ஒருவர் கணவர் இறந்த நாளிலிருந்து நாள்தோறும் மதியம் மொட்டைமாடிச் சுவரில் சோறு வைத்துவந்தார். குழுவின் சார்பில் நான் போய்ப் பேசியபோது அவர் சொன்னது: “தம்பி, அது உங்கட மாமாவுக்கு வைக்கிற சோறு. நிப்பாட்டச் சொல்லாதேங்கோ.” நிறுத்தச் சொல்ல வரவில்லை என்றும், அளவையும் இடத்தையும் மட்டும் மாற்றலாமா என்றும் கேட்டேன். ஒரு கைப்பிடிக்கு மேல் வைப்பதில்லை, சுவரில் கொட்டாமல் வாழையிலைத் துண்டிலோ தட்டிலோ வைப்பது, தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் தொலைவான மூலையில் வைப்பது, காகம் வந்து எடுத்ததும் கால் மணிநேரத்தில் தட்டைக் கழுவி எடுத்துவிடுவது என்ற நான்கையும் அவர் மனமுவந்து ஏற்றுக்கொண்டார். கடமையும் நடந்தது, மாலை வரை மொட்டைமாடியில் தங்கிய கூட்டமும் சில கிழமைகளில் கலைந்தது. மிஞ்சிய சோறு கிடக்கும் இடத்தில்தான் கூட்டம் தங்கும் என்பதே இதன் சூட்சுமம். காகம் கூடி உண்ணும் பறவை. நாற்பது காகத்துக்குப் போதுமான சோறு இருந்தால் நாற்பதும் வரும்.

இது காகத்துக்கு மட்டும் உரிய விதியன்று. ரொறன்ரோவில் இருக்கும் என் ஒன்றுவிட்ட சகோதரி, அங்குள்ள பூங்காக்களில் கனடா வாத்துகள் புற்றரையை எச்சத்தால் நிறைத்துவிடுவதாகச் சொல்வதுண்டு. அங்கும் முதலில் வைக்கப்படும் பலகை பறவைகளுக்குப் பாண் போட வேண்டாம் என்பதே.

அறிகுறி: தண்ணீரில் துர்நாற்றம், தொட்டியில் எலும்பும் பாண் துண்டும்

காய்ந்த உணவை நீரில் ஊறவைத்து உண்பது காகத்தின் பழக்கம். மூடி விலகியிருக்கும் கூரைத் தொட்டி அதற்கு மிக வசதியான பாத்திரம். இதை உடனடி அபாயமாகக் கருதுங்கள்: அந்த நீரைக் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் எடுப்பதை நிறுத்தி, தொட்டியை வடித்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி, குளோரின் இட்டு, மீண்டும் வடித்த பின்னரே நிரப்ப வேண்டும், குளோரின் அளவுக்குப் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஆலோசனை கேட்பது நல்லது. மூடியைக் கம்பியால் கட்டி, வழிந்தோடும் குழாயின் வாயில் நுளம்பு வலைத் துண்டைச் சுற்றிவிட்டால் காகத்தோடு நுளம்பும் தடுக்கப்படும். டெங்கு ஓயாத இந்த நகரத்தில் அது சிறிய விடயமன்று.

அறிகுறி: காகம் தலையில் வந்து அடிக்கிறது

மேலே ஒரு கூடு இருக்கிறது, அல்லது பறக்கப் பழகும் குஞ்சு ஒன்று அருகில் தரையில் இருக்கிறது. கொழும்பில் சித்திரைப் புத்தாண்டை ஒட்டிக் குயில் கூவத் தொடங்கும் காலமும் காகம் கூடு கட்டத் தொடங்கும் காலமும் ஒன்றாக அமைவது தற்செயலன்று. குயில் தன் முட்டையைக் காகத்தின் கூட்டிலேயே இடுகிறது. காகத்தின் முட்டைகள் ஏறக்குறைய 16, 17 நாட்களில் பொரிக்கின்றன. குஞ்சுகள் கூட்டைவிட்டு வெளியேற அதன்பின் மூன்று முதல் நான்கு கிழமைகள் செல்லும். அடி விழுவது பெரும்பாலும் இந்தக் கடைசிக் கட்டத்தில்தான். ஆகவே முடிவு நாள் உள்ள தொல்லை இது, ஓரிரண்டு கிழமைகளில் தானாகவே தணிந்துவிடும்.

அதுவரை அந்த இடத்தைக் கயிறு கட்டி ஒதுக்கி, மாற்றுப் பாதையைக் காட்டும் அறிவித்தலை மும்மொழியிலும் வையுங்கள். காகம் பின்னாலிருந்தே தாக்கும் என்பதால், கடந்தே ஆக வேண்டியவர்கள் குடையை விரித்துப் பிடித்தால் போதும். கையை வீசுவதும் கல்லெறிவதும் கூட்டத்தையே அழைத்துவிடும். தரையில் குஞ்சு இருந்தால், குடையின் கீழ் நின்றபடி துணியால் மூடி எடுத்து அருகிலுள்ள கிளையிலோ மதிலிலோ வைத்துவிடுங்கள். மனிதக் கை பட்டால் தாய் ஏற்காது என்பது உண்மையன்று.

நாங்கள் செய்த பெரிய தவறு இந்த இடத்தில்தான் நடந்தது. ஒரு மே மாதத்தில், முறைப்பாடு அதிகரித்ததால், வாசல் மாமரத்திலிருந்த கூட்டைக் காவலாளியைக் கொண்டு தடியால் தட்டி வீழ்த்தினோம். உள்ளே முட்டைகள் இருந்தன. அதன் பின்னர் ஒரு மாதத்துக்கு மேல் அந்த மனிதர் வாசலுக்கு வரும்போதெல்லாம் காகங்கள் அவரை மட்டும் தேடி வந்து அடித்தன. அதே வழியில் சென்ற எங்களை அவை பொருட்படுத்தவில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முகமூடி அணிந்து அங்குள்ள காகங்களைப் பிடித்துவிட்டு, பின்னர் அதே முகமூடியோடு நடந்தபோது காகங்கள் பல ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த முகத்தை அடையாளம் கண்டு கூச்சலிட்டதை நிறுவியிருக்கிறார்கள். எங்கள் தீர்மானத்துக்கு எங்கள் காவலாளி விலை கொடுத்தார் என்பது எனக்கு இன்றும் வருத்தந்தான்.

அறிகுறி: குளிரூட்டியின் வெளிப்பெட்டியிலோ மின்கம்பத்திலோ கம்பித் துண்டுகள் சேர்கின்றன

நகரத்துக் காகம் சுள்ளியோடு கட்டுக்கம்பி, உடுப்புக் கொழுவி, மின்வயர் துண்டு ஆகியவற்றையும் சேர்த்துக் கூடு கட்டுகிறது. மின்கம்பத்திலோ மின்மாற்றியிலோ அத்தகைய கூட்டைக் கண்டால் எவரும் ஏறக்கூடாது, நீண்ட தடியும் நீட்டக்கூடாது. மழை பெய்து ஈரமாகும் நாளில் அந்தக் கம்பியே மின்னொழுக்குக்கு வழியாகலாம். மின்விநியோக முறைப்பாடுகளுக்கான 1987 என்ற இலக்கத்துக்கு அறிவித்து, கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைச் சொல்லுங்கள்.

குளிரூட்டிப் பெட்டியில் என்றால் நேரம் முக்கியம். முதல் இரண்டு மூன்று நாட்களில், முட்டை இடுமுன், நாள்தோறும் சுள்ளிகளை அகற்றி, அந்த இடுக்கைக் கம்பிவலையால் அடைத்துவிட்டால் இணை வேறிடம் தேடிக்கொள்ளும். முட்டையோ குஞ்சோ வந்துவிட்டால் காத்திருங்கள். அது குயிலின் முட்டையாகவும் இருக்கலாம். குஞ்சுகள் பறந்ததும், செப்டெம்பர் அளவில், பழைய கூட்டை முழுதாக எடுத்து வலை அடியுங்கள். கட்டட வேலை நடக்கும் காணிகளில் கட்டுக்கம்பித் துண்டுகளை அன்றன்றே பொறுக்கிவிடுமாறு கேட்பதும் பயன் தரும்.

அறிகுறி: மரத்தடியில் நிற்க முடியாத அளவு எச்சம்

மாலையில் ஐந்தரை மணி முதல் காகங்கள் கூட்டங்கூட்டமாக வந்து, முதலில் அருகிலுள்ள கூரைகளில் கூடி, இருட்டியதும் மரத்தில் அடைந்தால், அது இரவுத் தங்குமிடம். கொழும்பின் வீதியோர மாரா மரங்கள் குடைபோல அகன்றவை. அவற்றின் கீழ்தான் பேருந்துத் தரிப்பிடங்களும் முச்சக்கர வண்டித் தரிப்பிடங்களும் இருக்கின்றன என்பதால் மோதல் தவிர்க்க முடியாதது.

பட்டாசு, தகரம் தட்டுதல், பிளாஸ்டிக் ஆந்தை, மினுங்கும் இறுவட்டு ஆகியவற்றை நாங்கள் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தோம். மூன்றாம் நாளில் ஆந்தையின் தலையிலேயே காகம் இருந்தது. செத்த காகத்தைக் கட்டித் தொங்கவிடும் பழைய முறை சில நாட்களுக்குப் பலிக்கும், ஆனால் பொது இடத்தில் அழுகும் உடலைத் தொங்கவிடுவது சுகாதாரத்துக்குக் கேடு. கூட்டத்தை விரட்டுவதில் நீங்கள் வெற்றி பெற்றாலும் அது அடுத்த வீதிக்குப் போகும், அங்குள்ளவர்கள் விரட்டினால் திரும்பி வரும். ஆகவே மரத்தை வெட்டக் கோருவதைவிட, கிளைகளை அளவாக ஐதாக்குமாறு மாநகர சபையிடம் எழுத்தில் கேட்பதும், அடியிலிருக்கும் வாங்கைச் சில யார் தள்ளி வைப்பதும், அது முடியாவிட்டால் சரிவான கூரை போடுவதுமே நிலைக்கும் தீர்வுகள்.

எச்சத்தைக் காய்ந்தபடி கூட்டக்கூடாது. பறக்கும் தூளில் நுரையீரலைப் பாதிக்கும் பூஞ்சைகள் இருக்கக்கூடும். முகக்கவசமும் கையுறையும் அணிந்து, நீர் தெளித்து ஊறவைத்து, ஈரமாகவே வழித்து எடுக்க வேண்டும். இந்த வேலையைச் செய்யும் துப்புரவுப் பணியாளருக்கு அந்த இரண்டையும் வாங்கிக் கொடுப்பது நம் பொறுப்பு.

நஞ்சு வைக்கலாமா என்று கேட்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். வைக்கக்கூடாது. நஞ்சுண்ட காகம் எங்கோ விழும், அதைத் தின்னும் பூனையும் நாயும் செம்பருந்தும் சாகும், தொட்டியில் விழுந்தால் நம் வீட்டு நீரும் கெடும். மேலும், உணவு அப்படியே இருக்கும்வரை வெற்றிடத்தை அயலிலுள்ள காகங்கள் நிரப்பிவிடும். மலேசியாவின் கிள்ளானுக்கு, கோப்பித் தோட்டத்துப் புழுக்களை உண்ணும் என்று நம்பி, நூறாண்டுக்கு மேல் முன்பு இலங்கையிலிருந்தே இந்தக் காகத்தைக் கொண்டுபோனார்கள். அது இன்று அங்கே பெருந்தொல்லை. கிழக்கு ஆபிரிக்காவில் வந்தேறியாகப் பெருகிய இதே இனத்தில் 10 இலட்சத்தை அழிக்கப்போவதாகக் கென்யா 2024 இல் அறிவித்தது. இது நம் மண்ணின் பறவை. இங்கே செய்யக்கூடியது அதன் உணவையும் நம் நேரத்தையும் ஒழுங்குபடுத்துவதே.

அறிகுறி: கையிலிருக்கும் உணவைப் பறிக்கிறது

காலிமுகத்திடலில் இறால் வடையோடு நிற்பவர்களுக்கும் பாடசாலை இடைவேளையில் பிள்ளைகளுக்கும் நேர்வது. சுவரை முதுகுப்புறமாக வைத்து உண்பதும், உணவுப் பெட்டியின் மூடியைத் திறந்தபடி வைக்காததும் போதும். பாடசாலையில் இடைவேளை முடிந்து மணியடித்த உடனே மைதானத்தைத் துப்புரவு செய்தால், ஒரு தவணைக்குள் கூட்டம் குறைவதைக் காணலாம்.

அறிகுறி: ஒரே இடத்தில் பல காகங்கள் இறந்து கிடக்கின்றன

ஒன்றிரண்டு இறப்பது இயல்பு. ஒரு நாளிலோ அடுத்தடுத்த நாட்களிலோ பல இறந்தால், நஞ்சு அல்லது நோய் என்று கருத வேண்டும். இந்தியாவில் 2020 இறுதியிலும் 2021 தொடக்கத்திலும் இராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் பறவைக் காய்ச்சல் முதலில் தெரியவந்ததே காகங்கள் கூட்டமாக இறந்ததால்தான். வெறுங்கையால் தொடாதீர்கள், பிள்ளைகளையும் செல்லப் பிராணிகளையும் அருகில் விடாதீர்கள், புகைப்படம் எடுத்து எண்ணிக்கையைக் குறித்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அருகிலுள்ள அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கும் அறிவியுங்கள். மாதிரி எடுக்க அவர்கள் வருமுன் புதைத்துவிட்டால் காரணம் தெரியாமலே போய்விடும்.

பறவை காகமாக இல்லாவிட்டால்

எச்சம் வெள்ளையாகவும் மிக அதிகமாகவும், மீன் நாற்றத்தோடும், நீர்நிலைக்கு அருகிலும் இருந்தால் மேலே பாருங்கள்: பேரே வாவியின் கரையிலும் தியவன்னா ஓயாவைச் சுற்றிய வீதி விளக்குக் கம்பங்களிலும் கூழைக்கடாக்கள் இருப்பது வழக்கம். அவை சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. அவற்றுக்குச் செய்யக்கூடியது உங்கள் வாகனத்தை வேறிடத்தில் நிறுத்துவது மட்டுமே. காயமடைந்த கூழைக்கடாவைக் கண்டால் வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். விகாரமகாதேவி பூங்காவில் பகலிலும் கூச்சல் கேட்டு, மரத்தடியில் மென்று துப்பிய பழச்சக்கை கிடந்தால், மேலே தொங்குபவை பழந்தின்னி வௌவால்கள். மாடி விளிம்பில் சிறு உருண்டைகளாக எச்சம் குவிந்தால் அது புறா. வலை அடித்தால் தீரும், ஆனால் அடிக்குமுன் உள்ளே குஞ்சு இருக்கிறதா என்று கைவிளக்கால் பார்த்துவிடுங்கள்.